பக்கத்து சீட்டில் ஒரு பிரம்மச்சாரி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனிடம் ஜனங்கள் தங்கள் உயிரை ஒப்படைப்பார்கள். மகளை ஒப்படைக்க மட்டும் யோசிப்பார்கள்.

எண்பதுகளில் பினாங்கில் நான் அந்தத் தொழிலைத்தான் செய்தேன். ஜார்ஜ்டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரு பழைய ஜப்பான் கார், இடது பக்க சீட்டுக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு பிரேக். வாசகர்களில் யாராவது என்னைப் போல அடுத்தவர் தப்புக்குத் தன் காலை அழுத்திப் பிழைத்தவர்களாக இருந்தால், அல்லது முப்பது வயது தாண்டியும் "ஏன் இன்னும் கல்யாணம் கட்டல?" என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்களாக இருந்தால், நாம் ஒரே கட்சி.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். அதற்கு அப்போது தமிழில் மரியாதையான ஒரு சொல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மலாயில் எனக்குத் தெரிந்த சொல் மரியாதையானது இல்லை. சட்டப்படி அது குற்றம் வேறு. ஜெலுத்தோங்கில் ஒரு மாடி வீட்டை நானும் ராயப்பனும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் ஃபெரியில் இன்ஜின் பார்ப்பவர். வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பிரம்மச்சாரிகள் என்பது ஊருக்குச் சொன்ன கணக்கு. ஊர் என்னைச் சந்தேகப்பட்டது, நான் ஊரைச் சந்தேகப்பட்டேன். இரண்டு தரப்பும் பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் தேடினோம்.

பின்சீட்டு அப்பா

வசந்தி அப்போதுதான் பேங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் அப்பா துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் மகள் முன்னால் ஏறுவதற்குள் அவர் பின்னால் ஏறிவிட்டார். ஓரமாகக்கூட உட்காரவில்லை. கியரும் என் வலது கையும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி நட்டநடுவில் உட்கார்ந்தார். வசந்தி இரண்டாவது கியருக்குத் தடுமாறினால் அவர் செருமுவார். நான் ஸ்டீயரிங்கைத் திருத்தக் கையை நீட்டினால் "வாயால சொல்லுங்க தம்பி" என்பார். அடுத்த நாள் நான் ஒரு மர ரூலர் வாங்கி வந்தேன். அதை நீட்டிக் காட்டித்தான் அந்தப் பெண்ணுக்குக் கியர் பழக்கினேன்.

ஆயர் ஈத்தாம் ரோட்டில் ஒரு நாள் அவள் பஸ்ஸுக்குப் பின்னால் நேராகப் போனாள். நான் பிரேக்கை அழுத்திய வேகத்தில் அப்பா முன்னால் வந்து என் தோளில் மோதினார். மூக்குக் கண்ணாடி என் மடியில் விழுந்தது. அப்போதும் அவர் முதலில் பார்த்தது என் கை எங்கே இருக்கிறது என்றுதான். என் இரண்டு கையும் டாஷ்போர்டில் இருந்தன.

வசந்தி டெஸ்ட் பாஸான அன்று அவர் எனக்கு ஒரு டப்பா லட்டு கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். அவர் முகத்தில் நிம்மதி இல்லை, புதிதாக ஒரு வருத்தம் இருந்தது. மகள் தூரத்தில் நிற்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இத்தனை நாள் பின்னாலயே உட்காந்து பாத்தேன் தம்பி, நீங்க எம்மகள ஒரு தடவைகூட நிமிந்து பாக்கல. ஏன், அவளுக்கு என்ன கொறச்சல்?"

மீசையுள்ள வாத்தியார்

எங்கள் ஸ்கூலில் இன்னொரு வாத்தியார் அந்தோணி. நல்ல சிவப்பு, மெலிந்த உடம்பு, மெதுவான குரல். மடித்த கைக்குட்டையில் எப்போதும் பவுடர் வாசனை. நடக்கும்போது தரைக்கு வலிக்குமோ என்று நடப்பார். சட்டைக்குப் பித்தான் அறுந்தால் அவரே தைத்துக்கொள்வார், மற்றவர்களுக்கும் தைத்துக் கொடுப்பார். ஆகவே அவர்தான் அது என்று ஊர் முடிவு செய்திருந்தது. முதுகுக்குப் பின்னால், பொம்பளைத்தனமானவன் என்று மலாயில் திட்டுகிற சொல்லால், "பொண்டான்" என்பார்கள். சில பேர் முன்னாலேயே சொல்வார்கள்.

எனக்கோ தடித்த மீசை. சனிக்கிழமை பாடாங் திடலில் பந்து விளையாடுவேன், கோல்கீப்பர். என்மேல் யாருக்கும் அந்த வகைச் சந்தேகம் வந்ததில்லை. ஒரு நாள் ஓர் அம்மா பதினெட்டு வயது மகனை இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து, "எம்பையன அவருகிட்ட விட முடியாது. இந்த மீசக்காரர்கிட்ட மாத்திக் குடுங்க, இவரு ஆம்பளையா இருக்காரு" என்றார். அந்தோணி அங்கேயே, மேசைக்கு அந்தப் பக்கம், உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் பையனுக்குப் பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை என்று சொன்னேன். அந்த அம்மா வேறு ஸ்கூல் தேடிப் போய்விட்டார்.

அவர் போனபிறகு அந்தோணி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்து, பழையபடி நான்காக மடித்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது:

"நாலு பிள்ள பெத்தாச்சு குணா, இன்னும் எத்தன பெத்தா நம்புவாங்கன்னு கேட்டுச் சொல்லு."

பையில் ஊற்றிய தேத்தண்ணி

பிறகு எய்ட்ஸ் என்ற அந்த வியாதியைப் பற்றிப் பேப்பரில் வர ஆரம்பித்தது. யாருக்கு வரும், எப்படி வரும் என்று ஆளுக்கொரு கதை. ஸ்கூலுக்குப் பக்கத்தில் நாங்கள் பசியாறுகிற கடையில் ஒரு நாள், அந்தோணி கேட்காமலேயே அவருடைய தேத்தண்ணியைக் கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா செருகி, கட்டிக் கொடுத்துவிட்டார். நாங்கள் பொங்குஸ் என்போமே, வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரி. அந்தோணி அதைக் கையில் தொங்கவிட்டபடி கடையிலேயே உட்கார்ந்து உறிஞ்சினார். மறுநாளும் பை. அதற்கு மறுநாளும். அவர் வாய் வைத்த கிளாஸில் குடிக்க மற்றவர்களுக்குப் பயம் என்று அவருக்கும் புரிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க நான் கிளாஸில் குடித்தேன். சுற்றியிருந்தவர்களின் பயத்துக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் அது என் மேசையில், என் மீசையோடு உட்கார்ந்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கடைக்காரரிடம் போய், எனக்கும் இனிமேல் பொங்குஸ்தான் வேண்டும், இங்கேயே உட்கார்ந்து குடிப்பேன் என்று சொன்னேன். அவர் என்னையும் அந்தோணியையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. குரலைத் தாழ்த்தி, எனக்கு உதவி செய்கிற மாதிரி சொன்னார்:

"ஒனக்கு எதுக்குப்பா பொங்குஸ், ஒனக்குத்தான் அவரு வாய் படாத கிளாஸ் தனியா கழுவி வச்சிருக்கேன்ல."

அதிகம் கேள்வி கேட்ட மாணவன்

பிரகாஷ் புக்கிட் தெங்காவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவ்வளவு தூரத்திலிருந்து கடல் தாண்டி வந்து ஜார்ஜ்டவுனில் ஏன் கார் பழக வேண்டும் என்று எனக்கு முதல் நாளே உறுத்தியது. கிளட்ச்சை விட்ட விதத்தில் இன்னும் உறுத்தியது. புதிதாக ஓட்டுகிறவன் கிளட்ச்சை விட்டால் கார் குதிக்கும். இவன் விட்டபோது கார் வெண்ணெயில் போகிற மாதிரி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் அவசரமாக இன்ஜினை நிறுத்தினான். பிறகு ஒவ்வொரு நாளும் வேண்டுமென்றே இரண்டு தடவை நிறுத்துவான்.

ஓட்டுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். தனியாகவா இருக்கிறீர்கள், கூட இருப்பவர் யார், எத்தனை வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள், சாயங்காலம் ஒரு பீர் அடிக்கும் பழக்கம் உண்டா. கடற்கரைப் பக்கம் மஃப்டி போலீஸ் நம்மைப் போன்றவர்களைத் தேடுகிறது என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. வீட்டுக்குப் போய் ராயப்பனிடம் சொன்னேன். அவர் அன்றே தன் துணிமணிகளை எடுத்து, நாங்கள் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையில் அடுக்கினார். கட்டில் ஒன்று இரவல் வாங்கினோம். ஒன்றாக மார்க்கெட் போவதை நிறுத்தினோம். சொந்த வீட்டில் சத்தம் வராமல் நடந்தோம்.

அடுத்த வாரம் பிரகாஷ் சிக்னலில் காத்திருக்கும்போது என்னை உற்றுப் பார்த்து, "மீச ஒங்களுக்கு நல்லா எடுப்பா இருக்குண்ணே. போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்களேன்" என்றான். போலீசுக்குப் போட்டோ எதற்கு? எனக்குச் சட்டென்று வேறு மாதிரி தோன்றியது. பையன் சுத்தமாக முடி வெட்டியிருந்தான், நல்ல இஸ்திரி, நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது. அந்தோணியைப் பார்த்து ஊர் எப்படி முடிவு செய்ததோ, அதே மாதிரி நானும் ஒரு நகத்தைப் பார்த்து முடிவு செய்தேன். பாவம், நம்ம ஆள், சொல்லத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறான். ராயப்பனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "போலீஸா இருந்தாலே தேவல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தச் சின்ன அறைக்குத் தூங்கப் போனார்.

மறுநாள் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "தம்பி, ஒனக்கு என்கிட்ட என்ன வேணும்னு நேரா சொல்லு" என்றேன். பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் அக்கா, எனக்குத் தெரியாமல், எனக்குப் பெண் பார்த்திருக்கிறாள். பெண் இவனுடைய அக்கா. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பார்த்துவரத்தான் இவன் ஃபெரி ஏறியிருக்கிறான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்:

"நான் லைசென்ஸ் எடுத்துப் பல வருஷமாச்சுண்ணே, மன்னிச்சிருங்க. குடி இல்ல, சூது இல்ல, பொம்பள சகவாசம் சுத்தமா இல்ல. எங்கக்காவுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

சரசக்காவின் விரதம்

அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. பெயர் புஷ்பா என்று பிரகாஷ் சொன்னான். ஆனால் அவளுக்காக ஒரு தம்பி, தெரிந்த காரைத் தெரியாத மாதிரி ஓட்டி, அத்தனை நாள் பாடுபட்டிருக்கிறான். ஜாதகம் சரியில்லை, சம்பளம் போதாது என்று அக்காவிடம் வழக்கம்போலச் சொல்லி இதையும் தள்ளலாம். அவள் இன்னொரு புஷ்பாவைப் பார்ப்பாள். என்றைக்காவது ஒரு நாள் நான் களைத்துப்போய்த் தலையாட்டிவிடுவேனோ என்று எனக்கு என்மேலேயே பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனேன். ஃபெரியில் ராயப்பன் டியூட்டியில் இருந்தார். கீழே இன்ஜின் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, தெரியாதவர் மாதிரி தலையை அசைத்தார்.

சரசக்கா சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் கோயிலுக்குப் போயிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குப் பொண்ணு வேணாங்க்கா. எனக்கு ராயப்பன் இருக்காரு" என்றேன். "அவரு இருந்தா என்ன, அவரும் கல்யாணத்துக்கு வரட்டும்" என்றாள். அப்படி இல்லை என்று தலையாட்டினேன். கத்தி நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "இதுக்கு மருந்து ஏதும் இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "இருந்தா சாப்பிடுவியா?" மாட்டேன் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த வருஷத் தீபாவளிக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷம் இரண்டு பேரையும் கூப்பிட்டாள், ஆனால் ராயப்பனிடம் நேராகப் பேச இன்னும் கொஞ்ச காலம் ஆனது. அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"நீ பினாங்குல ஒரு சீனச்சிய வச்சிருக்கேன்னுதானே நெனச்சேன், அவ ஒன்ன விட்டுப் போகணும்னு வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம விரதம் இருந்தேனே, இல்லாதவளுக்காகவாடா நான் பட்டினி கெடந்தேன்?"

இரண்டு டீச்சர்கள்

பொன்மணி டீச்சர் சிலோன்காரக் குடும்பம். பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரும் கிரேஸ் டீச்சரும் ரொம்ப வருஷமாகப் புலாவ் திக்குஸ் பக்கம் ஒரே வீட்டில் இருந்தார்கள். காரை ஓட்டியது எப்போதும் கிரேஸ் டீச்சர்தான். சர்க்கரை வியாதியால் அவருக்குக் கண் மங்கிப்போனதும், அறுபதை நெருங்கும் வயதில் பொன்மணி டீச்சர் கார் பழக வந்தார். கிரேஸ் டீச்சர் குடையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

கண் தெரியாவிட்டால் என்ன, காது கேட்கும். "மணி, கியர் அலறுது, ஏன் அத இப்படிக் கொல்லுற?" என்பார் பின்னாலிருந்து. "நீர் வாயை மூடும் கிரேஸ், எனக்கு ரோட்டைப் பாக்க வேணும்" என்பார் முன்னாலிருந்து. அடுத்த சிவப்பு விளக்கில், உரித்த ஆரஞ்சுச் சுளை ஒன்று பின்னாலிருந்து நீளும். பொன்மணி டீச்சர் திரும்பாமலேயே வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார். கல்யாணமான ஜோடிகளை நான் காரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு சுளை எந்த மனைவியிடமிருந்தும் முன்சீட்டுக்கு வந்ததில்லை. கண்ணாடியில் நான் பார்ப்பதைப் பொன்மணி டீச்சரும் ஒரு தடவை பார்த்துவிட்டார். இரண்டு பேரும் உடனே ரோட்டைப் பார்த்தோம். அதன்பிறகு அவர் என்னைக் கொஞ்சம் அதிகமாகக் கவனிக்கிற மாதிரி எனக்குப் பட்டது. மீன் மார்க்கெட்டில் ராயப்பனோடு என்னை ஒருமுறை பார்த்ததாகவும் பேச்சுவாக்கில் சொன்னார்.

ரிவர்ஸ் பார்க்கிங்கில் இரண்டு தடவை ஃபெயிலாகி, மூன்றாவது தடவை பாஸானார். கிரேஸ் டீச்சர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்; இனி கண் ஆஸ்பத்திரிக்கு டாக்சிக்குக் காத்திருக்க வேண்டாம். பொன்மணி டீச்சர் சேலையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, உம்மோடை இருக்கிற அந்தப் பொடியனுக்கு லைசென்ஸ் இருக்கோ? இல்லையெண்டால் எடுக்கச் சொல்லும், ஒராளுக்கு ஏலாமல் போனால் மற்றாள்தானே கார் ஓட வேணும்."

மூன்று பேர் வந்த மத்தியானம்

கோமதி என்ற பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு பாடம். வீட்டில் அவள் ஐந்து என்று சொல்லியிருக்கிறாள். மீதி மூன்று நாளும் யாரோ ஒரு பையனோடு சுற்றியிருக்கிறாள் போல. ஒரு நாள் பிடிபட்டு, அந்தப் பையனைக் காப்பாற்ற, டிரைவிங் வாத்தியாரோடு போனேன் என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் அவள் அப்பாவும் இரண்டு மாமன்மாரும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். அப்பா துணிக்கடைக்காரர், பேச வந்தவர். மாமன்கள் பேச வந்தவர்கள் இல்லை. ஒருவர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

"எம்பொண்ண எங்கய்யா கூட்டிட்டுப் போன?" என்று அப்பா என் சட்டையைப் பிடித்தார். நான் இல்லை என்றேன். கோமதி பொய் சொல்லியிருக்கிறாள் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன நடக்குமோ என்றும் இருந்தது. என் தரப்பை முழுசாகச் சொல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு. அதைச் சொன்னால் அடியிலிருந்து தப்பலாம்; ஜெயிலிலிருந்து தப்ப முடியாது. அடியிலிருந்தும் தப்ப முடியுமா என்பது அந்த மாமன்களைப் பார்த்தால் நிச்சயமில்லை.

எங்கள் முதலாளி முத்தையா அண்ணன் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், ஆள் பெரிய ஆகிருதி. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "சட்டைய விடுங்க. இவன் அப்படிப்பட்டவன் இல்ல. இவனுக்கு வீட்டுல ஆள் இருக்கு" என்றார். அப்பா கையை எடுத்தார். "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். முத்தையா அண்ணன் ஒரு கணம்கூட யோசிக்காமல், "ஆன மாதிரிதான்" என்றார். பிறகு அண்ணன் அந்த மனிதரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வயசுப் பிள்ளைகளை அடித்தால் ஓடிப்போகும், உட்காரவைத்துக் கேட்டால் உண்மை வரும் என்று நிதானமாகப் பேசி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். கோமதி அந்தப் பையனையே கட்டிக்கொண்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அவர்கள் போனதும் நான் கதவைத் திறந்துவிட்டு வந்து நின்றேன். எப்போதிலிருந்து தெரியும், யார் சொன்னார்கள், இனி இங்கே எனக்கு வேலை உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டியிருந்தது. "அண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"பொம்பளப் பிள்ளைங்கள எல்லாம் ஒங்கிட்டயே ஏன் குடுக்குறேன்னு நெனச்ச, நீ நல்லா சொல்லித் தர்றேன்னா? அந்தோணி ஒன்னவிட நல்லாவே சொல்லித் தருவான்லா."

என்னைச் சந்தேகப்பட்டவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, தெரிந்தவர்கள் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை, இந்த இரண்டு கூட்டத்தையும் ஆள் மாற்றி நினைத்துப் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.